பீரோவில் ஒரு பாதி

பழனாத்தாள் மேற்குத் தோட்டத்துச் சாளைக்குச் சாமான்களோடு வந்து இறங்கியது, எமர்ஜென்சியை நீக்கிய வருஷத்து மார்கழியில். வடகரப்பதிப் பக்கம் மார்கழி என்றால் குளிரைவிடக் காற்றுத்தான் பெரிது. மலை விட்ட இடைவெளியில் கிழக்கிலிருந்து புகுந்து, பனைமரங்களின் காய்ந்த மட்டைகளை இரவும் பகலும் உரசிக்கொண்டே இருக்கும். அவள் அந்தக் காற்றைக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்டவள்தான். ஆனால் அதையெல்லாம் ஊருக்குள் இருந்த பெரிய வீட்டில், சுற்றிலும் ஆட்கள் படுத்திருக்கக் கேட்டாள். நடுக்காட்டில், நாலு பக்கமும் வெறும் வரப்பாகக் கிடக்கிற ஓட்டு வீட்டில் அவள் அதைக் கேட்டதில்லை.

புருஷன் மாரப்பன் சித்திரையில் இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. பங்காளிகள் உட்கார்ந்து பேசியதில் ஊர் வீடு கொழுந்தனார் ஆறுச்சாமிக்கு என்று ஆயிற்று. மேற்குத் தோட்டமும் கிணறும், யாரும் குடியிராமல் வெகுநாளாகப் பூட்டிக்கிடந்த சாளையும் அவளுக்கு. அநியாயம் என்று ஒருவரும் சொல்ல முடியாத பங்கு. தையில் ஆறுச்சாமியின் மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். அதற்குள் வீட்டை ஒழித்து வெள்ளையடிக்க வேண்டும். அதனால் மார்கழி என்றும் பாராமல் வண்டி பூட்டினார்கள்.

சாளை என்றால் ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, மேலே விறகு போட ஒரு அட்டாலி. அவ்வளவுதான். அவளுடைய சாமான்களோ வாசலில் இறக்கி வைத்தபோது ஒரு சந்தை போலக் கிடந்தன. பித்தளை அண்டாக்கள், மெத்தைகள், டிரங்குப் பெட்டிகள், கூடவே அவள் கல்யாணத்துக்கு அப்பன் வீட்டில் கொடுத்த தேக்குமர பீரோ. வண்டிக்காரப் பெரியமுத்துவும் ஆட்களும் அதைப் பக்கவாட்டில் சாய்த்துத் தூக்கிக் கூடத்துக்குள் நுழைத்தார்கள். வைத்த பிறகு பார்த்தால் கூடத்தில் பாதியை அதுவே எடுத்துக்கொண்டிருந்தது.

"இத்தனையும் எங்கீங்க வெப்பீங்க, நங்கையா?" என்றார் ஆறுச்சாமி. அண்ணன் மனைவியை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"கொறச்சுப்போடலாமுங்க. ஒருத்திக்கு என்னத்துக்கு இத்தனை."

அடுத்த தோட்டத்து மயிலாத்தாள் சத்தம் கேட்டு வந்து வாசலில் நின்றிருந்தாள். பழனாத்தாளைவிடப் பத்து வயது மூத்தவள். உள்ளே வா என்றதற்கு வரவில்லை. நிலைப்படிக்கு வெளியிலேயே நின்று பீரோவைப் பார்த்தாள்.

"இதையுமா அம்மிணி இங்க கொண்டாந்தே?"

"வேற எங்கீங்கக்கா கொண்டுபோவேன்?"

மயிலாத்தாள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, காற்றுக்குத் தலையைக் குனிந்து வரப்பில் நடந்து போய்விட்டாள்.

பழனாத்தாள் மறுநாளே சாமான்களைக் குறைக்க ஆரம்பித்தாள். அண்டாக்களைப் பெரிய வீட்டுக்கே திருப்பி அனுப்பினாள், கல்யாணத்துக்கு ஆகும் என்று. மெத்தைகள் இரண்டு பெரியமுத்து வீட்டுக்குப் போயின. மனசுக்கு லேசாகத்தான் இருந்தது. ஆனால் பீரோவைத் திறந்தபோது கை ஓடவில்லை. அரக்கு, பச்சை, மயில் கழுத்து, மாம்பழ மஞ்சள் என்று தட்டுத் தட்டாகச் சேலைகள். சித்திரையிலிருந்து அவள் வெள்ளை உடுத்துகிறாள். அந்த நிறங்களில் ஒன்றைக்கூட இனி அவள் உடம்பு தொடப்போவதில்லை. உடுத்த முடியாத சேலைகளுக்கு மேல்தட்டில் மாரப்பனின் சட்டைகளும் வேட்டிகளும். அவருடைய பீடி வாசனை இன்னும் ஒரு சட்டையில் மிச்சம் இருந்தது.

முதலில் சட்டைகளையும் வேட்டிகளையும் கொடுத்தாள். மேல்தட்டு காலியாயிற்று. நடுத்தட்டிலிருந்து தன் வெள்ளைச் சேலைகளை எடுத்து அங்கே பரப்பி, தட்டு முழுக்க வருமாறு வரிசையாக அடுக்கி வைத்தாள்.

காலையில் திறந்தபோது அவை வலது ஓரமாகத் தள்ளி இருந்தன.

கலைந்திருந்தால் எலி என்று விட்டிருப்பாள். ஒன்றுகூடக் கலையவில்லை. மடிப்பு மடிப்பாக ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறி, தட்டின் சரிபாதியை விட்டுக்கொடுத்து ஒதுங்கி உட்கார்ந்திருந்தன. தரை சாய்வாக இருக்கும், பீரோ வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று எண்ணி அடியில் ஓட்டுச் சில்லு வைத்து மட்டம் பார்த்தாள். மறுபடியும் பரப்பி அடுக்கினாள்.

மறுநாளும் அதே போல.

பருத்தி எடுக்க வந்த பெண்களுக்குச் சேலைகளைக் கொடுக்கத் தொடங்கினாள். ஒருத்தி அரக்குச் சேலையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "இதைப் போயிக் குடுக்கறீங்களே அம்மா" என்றாள். பழனாத்தாள் சிரித்தாள். அவர்கள் போன பிறகு சமையல்கட்டில் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். ஒவ்வொரு சேலை போகும்போதும், அதை எடுத்துத் தந்த மனுஷன் இன்னும் ஓர் அடி தள்ளிப்போவது போல இருந்தது. பேச்சுக்கு ஆள் இல்லாத வீட்டில் அழுகைக்குக்கூடச் சத்தம் அதிகம். தன் அழுகை தனக்கே அன்னியமாகக் கேட்டதால் நிறுத்திக்கொண்டாள்.

நிறுத்திய பிறகும் ஒரு விசும்பல் கேட்டது.

காற்று என்று சொல்லிக்கொண்டாள்.

தட்டுகள் காலியாகக் காலியாக, மீதமிருந்தவை ஒதுங்கிக்கொண்டே போயின. நடுத்தட்டிலும் பாதி. அடித்தட்டிலும் பாதி. காலியான பக்கத்தில் ஒரு வாடை வரத் தொடங்கியது. ஈரம் காயாமல் மடித்து வைத்த துணியின் வாடை. மார்கழிக் காற்றில் துவைத்ததெல்லாம் அரைமணியில் மொறுமொறுவென்று காய்ந்துவிடுகிற காலம் அது. அந்த வீட்டில் ஈரத்துணியே கிடையாது.

ஒருநாள் மத்தியானம் அந்த வெற்றிடத்தில் கைவைத்துப் பார்த்தாள். தட்டில் பழைய பேப்பர் விரித்திருந்தாள். அது வட்டமாக அமுங்கி, ஓரங்கள் மேலே எழும்பி இருந்தது. கனமான எதையோ வெகுநேரம் வைத்து எடுத்தது போல. பேப்பர் சில்லென்று இருந்தது. கையை எடுக்கப் போனவளுக்கு விரல் நுனியில் ஏதோ தட்டுப்பட்டது. துணியின் முடிச்சு. இறுக்கிப் போட்ட, கெட்டியான முடிச்சு.

கண்ணுக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

பீரோவைப் படாரென்று சாத்திவிட்டு வாசலுக்கு வந்து வெயிலில் நின்றாள். வெயில் உறைக்கவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் ஒரு முடிவுக்கு வந்தாள். காலி இடம் இருந்தால்தானே இதெல்லாம். டிரங்குப் பெட்டிகளில் இருந்த போர்வை, தலையணை உறை, கிழிசல், தைக்காத துணி எல்லாவற்றையும் கொண்டுவந்து மூன்று தட்டையும் விரல் நுழைய இடமில்லாமல் திணித்தாள். கதவை முழங்காலால் முட்டித்தான் சாத்த முடிந்தது. பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்று ராத்திரி காற்றைத் தவிர எதுவும் கேட்கவில்லை. அவளும் அசதியில் தூங்கிவிட்டாள்.

காலையில் கிணற்றடிக்குப் போய்க் குளித்துத் திரும்பும்போது, தோட்டத்து வாசல் படலுக்கு வெளியே வண்டித் தடத்தில் ஒரு மூட்டை இருந்தது.

யாரோ வழிப்போக்கர் வைத்துவிட்டுப் போனது என்று நினைத்துப் பக்கத்தில் போனாள். காவி ஏறி நைந்த ஒரு பழைய சீலையில் கட்டியிருந்தது. மேலே பிதுங்கியிருந்த வெள்ளைச் சேலையின் கரை அவளுக்குத் தெரிந்த கரை.

அவளுடைய துணிகள்.

ஒன்று பாக்கியில்லாமல் எல்லாம். உடம்பில் ஈரமாகச் சுற்றியிருந்ததைத் தவிர அவளுக்கென்று இருந்த அத்தனை துணியையும் கட்டி வெளியே வைத்திருந்தது. இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். சாவி இருந்தது.

தடத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். நகம் மடங்கியதே தவிர முடிச்சு நெகிழவில்லை. பல்லால் கடித்து இழுக்கக் குனிந்தாள்.

காதுக்குப் பக்கத்தில், மெதுவாக, தன்மையாக ஒரு பெண் குரல் சொன்னது.

"ரெண்டு நாளைக்குத்தான்."

பழனாத்தாள் மூட்டையை அப்படியே போட்டுவிட்டு வரப்புக் குறுக்கே விழுந்து எழுந்து ஓடினாள்.

மயிலாத்தாள் தன் வாசலில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். ஈரச்சேலையோடு நடுங்கிக்கொண்டு வந்தவளைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் ஒரு சேலை கொண்டுவந்து போர்த்தினாள். சுடச்சுடக் காப்பி வைத்துக் கொடுத்தாள். பழனாத்தாள் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டாள். குரல் சொன்னது என்னவென்று சொன்னபோது மட்டும் அவள் கை கடலையில் நின்றுவிட்டது.

"அப்புடியா சொல்லுச்சு?"

"ஆமாங்கக்கா."

"அது உன்ற மாமனார் சொன்ன சொல்லு அம்மிணி."

பழனாத்தாளுக்குப் புரியவில்லை.

"உன்ற புருசனுக்கு ஒரு அக்கா இருந்தாளே, நாச்சம்மா. தெரியுமா?"

"கல்யாணத்தன்னிக்கு ஒருக்காப் பாத்தனுங்க. பந்தக்காலுக்கு அந்தப் பக்கம் நின்னாங்க. நான் அப்பனூட்டுக்குப் போயிருந்தப்பத் தவறிட்டாங்க. சாளையில தனியா இருக்கறதுதான் அவங்களுக்குப் புடிக்கும்னு சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

"எல்லாருந்தானுங்க."

மயிலாத்தாள் முறத்தைத் தள்ளி வைத்தாள். "அவளை அவ புருசன் தள்ளி வெச்சுட்டான். ஒரு மூட்டைத் துணியோட அப்பனூட்டுக்கு வந்தா. கூடத்துக்குப் பக்கத்து ரூமுலதான் இருந்தா, ஆருக்கும் ஒரு தொந்தரவில்லாம. அப்பறம் உனக்கும் மாரப்பனுக்கும் பேசி முடிச்சாங்க. பொண்ணூட்டு பீரோ வருது, கட்டலு வருது, வெக்க எடமில்லை, நீ சாளையில போயி இரு, ரெண்டு நாளைக்குத்தான், கல்யாணம் முடியட்டும் வந்து கூட்டிக்கறேன்னு உன்ற மாமனாரு சொன்னாரு. நான் கூட இருந்தேன். இந்தக் காதால கேட்டேன்."

"அப்பறமுங்க?"

"அப்பறம் என்ன. ஆரும் போகலை. அவ மூட்டையப் பிரிக்கவே இல்லை. தொவைச்ச துணிய நல்லாக் காய வெக்கக்கூட மாட்டா. அதுக்குள்ள ஆராச்சும் கூப்புட வந்துட்டா? அரை ஈரத்தோட மடிச்சு உள்ள வெச்சுக் கட்டிருவா. அப்பப்ப, நீ எந்திரிக்கறதுக்கு முன்ன, மூட்டையத் தூக்கீட்டு ஊட்டு வாசல் வரைக்கும் போவா. எடம் இருக்குதான்னு கேப்பா. இன்னும் ரெண்டு நாள் போகட்டும்பாங்க. திரும்பி வந்துருவா."

காற்று கடலைத் தொலியை வாசல் முழுக்க வாரி இறைத்தது.

"நீ வந்த அடுத்த மார்கழிதான். நாலஞ்சு நாளா ஆளு கண்ணுல படலீன்னு நாந்தான் போயிக் கதவத் தள்ளுனேன். மூட்டையக் கட்டிப் புடிச்சுட்டுக் கெடந்தா. வெரலைப் பிரிக்க முடியலை. அதோடவே எரிச்சாங்க."

பழனாத்தாள் முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பக்கத்து ரூமில் பீரோவைத் திறந்து மூடியிருக்கிறாள். அந்தச் சுவரோரம் ஒருத்தி படுத்திருந்தாள் என்று ஒருவர் வாயிலிருந்தும் வந்ததில்லை. மாரப்பனும் சொன்னதில்லை.

மத்தியானம் அவள் ஊருக்குள் நடந்தாள். பெரிய வீட்டில் சுண்ணாம்பு வாடை. ஆறுச்சாமியின் மனைவி சாந்தம்மாள் முக்காலி எடுத்துப் போட்டு, மோர் கொண்டுவந்து கொடுத்தாள். பழனாத்தாள் நடந்ததைச் சொல்லவில்லை. சொன்னால் துக்கத்தில் புத்தி தடுமாறிவிட்டது என்பார்கள். தனியாக இருக்க முடியவில்லை, ஒரு மூலை போதும், சாமான்கூட வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

சாந்தம்மாள் புருஷனைப் பார்த்தாள். ஆறுச்சாமி புதிதாக வெள்ளையடித்த பக்கத்து ரூமைப் பார்த்தார்.

"அதுலதானுங்க பொண்ணூட்டுச் சாமான் வருது," என்றாள் சாந்தம்மாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். "கல்யாணம் முடியட்டுங்க நங்கையா. ஒரு ஏற்பாடு பண்ணலாம்."

பழனாத்தாள் மோரைக் குடித்து முடித்து டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு எழுந்தாள்.

சாளைக்குத் திரும்பும்போது பொழுது மசங்கத் தொடங்கியிருந்தது. வேறு போக்கிடம் இல்லாததால் போனாள், தைரியத்தால் போகவில்லை. படலுக்கு வெளியே மூட்டை அப்படியே இருந்தது. இப்போது முடிச்சு, தொட்டதும் அவிழ்ந்துகொண்டது. தனக்கு வேண்டிய சில வெள்ளைச் சேலைகளை மட்டும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். மற்றதை அங்கேயே விட்டுவிட்டாள்.

விளக்கேற்றினாள். பீரோவைத் திறந்தாள். மூன்று தட்டுகளும் வெறுமையாக, துடைத்தாற்போல இருந்தன. மேல்தட்டின் வலது ஓரத்தில் தன் சேலைகளை வைத்தாள். 

"நங்கையா," என்றாள். புருஷனின் அக்காவுக்கும் அங்கே அந்த முறைதான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளை அந்த முறை சொல்லிக் கூப்பிடுகிறோம் என்பது கூப்பிட்ட பிறகுதான் உறைத்தது. "எடம் இருக்குதுங்க. கொண்டாந்து வெய்யுங்க. ஆரும் எடுக்கச் சொல்ல மாட்டாங்க."

திரும்பி நின்றுகொண்டாள். பார்க்கத் தெம்பில்லை.

வெளியே காற்று நின்றது.

மார்கழியில் அந்தக் காற்று நிற்பதில்லை. நின்றது.

பின்னால், முடிச்சு ஒன்று நெகிழும் சத்தம். பிறகு துணியைத் தட்டி மடிப்பதும், பலகையில் வைப்பதும். அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக. ஈரத்துணி வாடை கூடம் முழுக்க நிறைந்தது. பழனாத்தாளின் பின்கழுத்தில் ஒரு குளிர்ச்சி வந்து சற்று நேரம் நின்றது. கடைசியில் பீரோவின் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

அதன்பிறகு அந்த வீட்டில் எதுவும் இடம் மாறவில்லை.

நாட்கள் போயின. பழனாத்தாள் வலது பாதியை மட்டும் பயன்படுத்தினாள். இடது பாதியின் பக்கம் கையைக் கொண்டுபோகவே மாட்டாள். பயம் இல்லாமல் போகவில்லை. ஆனால் பயத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் வந்து உட்கார்ந்திருந்தது. அடுப்பு ஊதும்போது, "இன்னிக்குக் கத்திரிக்காய்தானுங்க" என்று சொல்லத் தொடங்கினாள். படுக்கும் முன் பருத்தி விலையைப் பற்றி இரண்டு வார்த்தை. பதில் வந்ததில்லை. யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. மாரப்பன் போனபிறகு அவள் பேச்சைக் கேட்டவர்கள் வேறு யார்? மயிலாத்தாள் வீட்டுக்குப் போவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டாள். சந்தைச் சாமானைப் பெரியமுத்துவையே வாங்கிவரச் சொல்லிவிட்டாள்.

"அம்மிணி, ஊட்டுக்குள்ளயே கெடக்காதே," என்று மயிலாத்தாள் ஒருநாள் வரப்பிலிருந்தே சொன்னாள். "எடம் குடுத்தியே, அதோட நிறுத்திக்கோணும்."

"எனக்கு ஒண்ணுமில்லீங்கக்கா. நல்லாத்தான் இருக்கறேன்."

"அதுதான் எனக்குப் பயமா இருக்குது."

தை பிறந்து கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆறுச்சாமி வண்டியோடு வந்தார். நிலைப்படியில் நின்று தயங்கித் தயங்கிப் பேசினார். பெண் வீட்டில் கொஞ்சம் கைநெருக்கடி, கட்டில் மட்டும்தான் வருகிறதாம். வீட்டில் ஒரு பீரோ இருந்தால் மருமகளுக்கு ஆகும். "உங்களுக்குந்தான் இங்க எடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. துணியும் அதிகமில்லை போல. மனசில்லீன்னா வேண்டாமுங்க."

பழனாத்தாள் பீரோவைத் திரும்பிப் பார்த்தாள். எந்த ரூமுக்கு அது போகும் என்று அவளுக்குத் தெரியும். பக்கத்து ரூம். நாச்சம்மாள் மூட்டையோடு எத்தனையோ தடவை நடந்து போய்த் திரும்பி வந்த வீடு. யாரும் கூப்பிடாத வீட்டுக்கு இப்போது வண்டி வைத்துக் கொண்டுபோக ஆள் வந்திருக்கிறது.

"எடுத்துட்டுப் போங்க," என்றாள். "ஆனா எடது பக்கம் புள்ளைக்கு வேண்டாம்னு சொல்லுங்க. ஒண்ணும் வெக்கக் கூடாது."

"ஏனுங்க?"

"சொல்லுங்க. போதும்."

தன் சேலைகளை எடுத்து ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டுக்கொண்டாள். மற்றப் பெட்டிகளைப் பீரோவோடு வண்டியில் ஏற்றச் சொன்னாள். ஆட்கள் பீரோவைச் சாய்க்கும் முன் அதன் பக்கத்தில் போய், மரத்தில் உள்ளங்கையை வைத்து, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்.

"ஊட்டுக்குப் போங்க, நங்கையா."

வண்டி தடத்தில் ஆடி ஆடிப் போய் மறைந்தது. கூடம் விசாலமாகக் கிடந்தது. ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு பெட்டி, ஒரு விளக்கு, ஒரு சோற்றுச் சட்டி. அவள் வேண்டும் என்று நினைத்த அளவுக்கு வீடு குறைந்துவிட்டது. கூட்டிப் பெருக்கினாள். பெருக்குகிற சத்தம் சுவரில் பட்டு அவளிடமே திரும்பி வந்தது. "ரசம் வெக்கட்டுங்களா?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டு நின்றாள். கேட்பதற்கு யாரும் இல்லை. அது அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஈர வாடை போய்விட்டிருந்தது.

அப்போதுதான் பழனாத்தாளுக்கு மாரப்பன் செத்துப்போனது முழுசாக உறைத்தது.  கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். இப்படியே எத்தனை மார்கழி என்று நினைத்தாள்.

மசங்கல் நேரத்தில் தடத்தில் மறுபடியும் வண்டிச் சத்தம்.

"நங்கையா," ஆறுச்சாமியின் குரல். வண்டியை விட்டு இறங்கி வாசலுக்கு வந்துவிட்டார். காற்றுக்காகச் சாத்தி வைத்திருந்த கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார். குரல் கம்மியிருந்தது. "பீரோவை எறக்கி வெச்சுட்டு ஒரு வாய் சோறு திங்க முடியலீங்க. ஒத்தைப் பொட்டியோட நீங்க நின்னது கண்ணுக்குள்ளயே நிக்குது. சாந்தம்மாவும் கெடந்து அழுவுறா. கூடத்துல ஒரு கட்டலு போட்டாச்சு. வாங்க, நம்ம ஊட்டுக்குப் போலாம்."

பழனாத்தாள் எழுந்தாள். கால் தரையில் பாவவில்லை. இத்தனை நாளில் யாரும் அவளை வா என்று சொன்னதில்லை. "வந்துட்டனுங்க," என்று சொல்ல வாயைத் திறந்தாள். தொண்டை அடைத்துச் சொல் வரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள்.

கதவின் உச்சியில் ஒரு இரும்புத் தாழ்ப்பாள் உண்டு. அது அவள் கைக்கு எட்டாது. அதனால் வந்த நாளிலிருந்து அதைப் போட்டதே இல்லை. துருவேறிக் கிடந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கரகரத்து நகர்ந்தது.

மெதுவாக ஏறி, நிலையின் துளைக்குள் போய், ஒரு தட்டுத் தட்டி உட்கார்ந்தது.

வெளியே செருப்புச் சத்தம் ஓர் அடி பின்வாங்கியது.

"தாழ் போடறீங்களா, நங்கையா?" என்றார் ஆறுச்சாமி. அடிபட்டது போலிருந்தது அந்தக் குரல். "கோவம் இருக்குமுங்க. இருக்கட்டும். நான் வற்புறுத்தலீங்க."

அவள் குரல் எழாமல், பெட்டியைப் போட்டுவிட்டுக் கதவில் கையை ஓங்கினாள். கை கதவில் படவில்லை. பாதியில், காற்றில், குளிர்ந்த ஏதோ ஒன்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. வலிக்காமல், ஆனால் விடாமல். பிரிக்க முடியாத விரல்கள்.

ஈரத்துணியின் வாடை மறுபடியும் எழுந்து கூடம் முழுக்கப் பரவியது. போனவள் திரும்பி வந்திருந்தாள்.

மாட்டுக் கழுத்து மணி அசைந்தது. வண்டி திரும்பியது. சக்கரச் சத்தம் தடத்தில் தேய்ந்து, பனைமட்டைகளின் உரசலில் கரைந்து இல்லாமல் போயிற்று.

அது முழுசாக அடங்கும்வரை பழனாத்தாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடங்கியதும் அந்த இருட்டுக் கூடத்தில், அவள் தோளுக்கு மேலாக, யாரோ நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டார்கள்.